வேர்க்காத இடம்

அவளோடு மின்சார ரயிலில் போவது எனக்குப் பெரிய தலைவலியாக இருந்தது. தாம்பரத்தில் ஏறினால் பல்லாவரம் வருவதற்குள் யாராவது ஒருவருடைய கையைப் பிடித்துவிடுவாள். பெண்கள் பெட்டியில் எதிர்ப் பெஞ்சில் ஒருத்தி மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருப்பாள். குழந்தை விரலிடுக்கைச் சொறிந்துகொண்டே இருக்கும். நாமாக இருந்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வோம். இவள் எழுந்துபோய் அந்தக் கையை விரித்துவைத்துப் பார்ப்பாள்.

"ராத்திரில ஜாஸ்தியா சொறியுதாம்மா? வூட்ல வேற யாருக்குனா கீதா?"

"உனக்கின்னாத்துக்கு அது?"

"சிரங்கும்மா இது. கொயந்தைக்கு மட்டும் மருந்து போட்டா போவாது. வூட்ல கீற அத்தினி பேரும் ஒரே நாள்ல கயுத்துலேர்ந்து காலு வரைக்கும் பூசிக்கணும். துணியெல்லாம் வெந்நீல போட்டு எடுக்கணும்."

ஒருமுறை ஒரு அம்மாள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, வளையல் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டாள். நான் கதவோரம் போய், இவள் யாரோ நான் யாரோ என்கிற மாதிரி மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானத்தை வேடிக்கை பார்த்தேன். ரயிலை விட்டு இறங்கியதும் சண்டை பிடித்தேன். "தொட்டுப் பாக்காம எப்டிடி சொல்றது?" என்றாள். எதைக் கேட்டாலும் அவளிடம் அந்தப் பதில்தான்.

அவள் பெயரை எழுதப் போவதில்லை. இந்நேரம் பேரன் பேத்தி எடுத்திருப்பாள். படித்துவிட்டுச் சண்டைக்கு வந்தாலும் வருவாள். சண்டை போடும்போதும் கையைப் பிடித்துக்கொண்டுதான் போடுவாள், நமக்குத் தப்பி ஓடவும் வழி கிடையாது.

அறுபதுகளின் கடைசியில் தாம்பரத்தில் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சிங் படித்தோம். எங்கள் வீடு மேற்குத் தாம்பரத்தில், நடக்கிற தூரம். ஆனாலும் ஹாஸ்டலில்தான் தங்க வேண்டும் என்று சட்டம். அவள் பல்லாவரத்துப் பெண். அவளுடைய அப்பாவுக்குப் பம்மல் பக்கம் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை. எங்கள் இரண்டு கட்டிலும் பக்கத்துப் பக்கத்தில். முதல் நாள் பெட்டியைக் கூடப் பிரிக்கவில்லை, என் கன்னத்தைத் தொட்டு, "இன்னாடி இது, பருவா? பவுடர அள்ளி அப்பாத, அடைச்சிக்கும்" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அன்று முழுக்கப் பேசவில்லை. மறுநாளிலிருந்து பவுடர் போடவில்லை.

தோல் வேலைக்காரர் வீட்டுப் பெண் என்பதால் அவள் மொண்டு வைத்த தண்ணீரைக் குடிக்கத் தயங்கியவர்கள் எங்கள் வகுப்பில் இருந்தார்கள். கிறிஸ்தவப் பெண்களும் இருந்தார்கள், மற்றவர்களும் இருந்தார்கள். வாய்விட்டு யாரும் சொல்லமாட்டார்கள். "எனக்கு இப்போ தாகமில்லே" என்பார்கள். அவளுக்கு எல்லாம் புரியும். அப்படிச் சொன்னவளின் பக்கத்திலேயே போய் ஒட்டி உட்கார்ந்து, அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நகச்சுத்தி வந்திருக்கிறதா என்று பார்க்க ஆரம்பிப்பாள். எனக்கு அதைப் பார்த்தால் சிரிப்பும் வரும், வயிற்றெரிச்சலாகவும் இருக்கும்.

எங்கள் மேட்ரன் திருநெல்வேலிப் பக்கத்து அம்மாள். கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, அதைவிட விறைப்பான முகம். தோலைப் பற்றிய பாடத்தை அவரே எடுத்தார். தோலுக்கு என்னென்ன வேலை என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டே போனார். கிருமியை உள்ளே விடாது, உடம்பிலிருக்கும் தண்ணீரை வீணாக வெளியே விடாது, வேர்த்து உடம்பைக் குளிர வைக்கும், சூடு, குளிர், வலி, தொடுகை எல்லாவற்றையும் உணர்ந்து சொல்லும். மேல்தோல், அடித்தோல் என்று படம் வரைந்தபோது இவள் எழுந்து நின்றாள்.

"சிஸ்டர், எங்க நைனா மாட்டுத் தோல ஊறப் போட்டு மயிரு எடுக்கும்போது மேல மெல்லிசா ஒண்ணு உரிஞ்சிக்கினு போயிடும். அடில கீறதுதான் செருப்பாவுது. அந்த ரெண்டுந்தானா இது?"

வகுப்பே சிரித்தது. மேட்ரன் சிரிக்கவில்லை. "அதேதான். உக்காரு" என்றுவிட்டு மேலே எழுதினார். இவள் உட்கார்ந்து என் கையைக் கிள்ளினாள், அவ்வளவு சந்தோஷம்.

வார்டில் அவளைப் போட்டுவிட்டால் நோயாளிகள் பாடு கொண்டாட்டம். நகர முடியாமல் கிடப்பவர்களுக்குப் படுக்கைப்புண் வராமல் இருக்க ஸ்பிரிட் தடவி, பவுடர் போட்டு முதுகைத் தேய்த்துவிட வேண்டும். நாங்கள் கடனே என்று செய்வோம். அவள் இடுப்பெலும்பு, குதிகால், முழங்கை என்று அழுத்தம் விழுகிற இடமாகப் பார்த்து உள்ளங்கையால் தேய்ப்பாள். எங்கேயாவது சிவந்திருந்தால் விரலால் அழுத்துவாள். அழுத்தினால் வெளுத்து மறுபடி சிவந்தால் சரி. சிவப்பு அப்படியே நின்றால் உடனே ஆளைத் திருப்பிப் போட்டுவிட்டு, முன் ஷிப்டில் இருந்தவளைத் தேடிக்கொண்டு போய்ச் சண்டை போடுவாள்.

அவள் தொடாமல் நின்றதை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். பொழிச்சலூரிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். நெஞ்சின் ஒரு பக்கத்தில் அக்கி. முதுகிலிருந்து முன்பக்கம் வரைக்கும் பட்டையாகக் கொப்புளம். குயவரிடம் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொண்டு வந்திருந்தார், கொப்புளத்தின் மேலெல்லாம் செம்மண் காய்ந்து கிடந்தது. ஸ்டாஃப் நர்ஸ் அதை எப்படியாவது கழுவித் தள்ளிவிட வேண்டும் என்று நின்றார். இவள் விரலை நீட்டியவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

"சட்ட பட்டாக்கூட எரியுதா தாத்தா?"

"காத்து பட்டாலே எரியுதும்மா."

சுரண்டாமல் ஈரத்துணியை மேலே போட்டுப் போட்டு அந்த மண் தானாக ஊறி வரும்வரை காத்திருந்தாள். பெரியவர் வலிக்கவில்லை என்று சொன்ன பிறகுதான் காலமைன் தடவினாள். ஸ்டாஃப் நர்ஸ் முணுமுணுத்துக்கொண்டே வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்.

இப்படி ஊரிலிருக்கிற தோலையெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தவள், கண்ணெதிரே இருந்த ஒன்றை ஒரு வருஷத்துக்கு மேல் கோட்டை விட்டாள்.

எங்கள் ஹாஸ்டலில் சமையல் அன்னம்மாக்கா. பள்ளிக்கரணைக்காரி. புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. அடுப்படிக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, அதுதான் வீடு. அக்காவின் கை எங்களுக்கு ஒரு காட்சிப்பொருள். கொதிக்கிற கஞ்சிக் குண்டானைத் துணி இல்லாமல் வெறுங்கையால் தூக்கி இறக்குவாள். தோசைக் கல்லை விரலால் நகர்த்துவாள். புதிதாகச் சேர்கிற பெண்களை நாங்கள் அடுப்படிக்கு அழைத்துப்போய்க் காட்டுவோம். "அக்கா, ஒரு தடவ தூக்கிக் காட்டுக்கா" என்று கெஞ்சுவோம். அக்காவும் வெட்கப்பட்டுக்கொண்டே தூக்கிக் காட்டுவாள். நாங்கள் கைதட்டுவோம்.

எல்லோரையும்விட பலமாகக் கைதட்டியவள் இவள்தான். "எங்க நைனா கையும் இப்டித்தான். சுண்ணாம்புத் தண்ணிலயும் ரசாயனத்துலயும் ஊறி ஊறித் தோலு மரக்கட்ட ஆயிடுச்சு. கொதிக்கிற டீ கிளாச அப்டியே புடிப்பாரு" என்று பெருமையாகச் சொல்வாள். உழைத்து உழைத்துத் தடித்த கை, சூடு ஏறாது என்று அவளே சொன்ன பிறகு எங்களுக்கு என்ன சந்தேகம் வரும்?

அது கத்திரி வெயில் சமயம். அடுப்படியில் நின்றால் தலையிலிருந்து கால்வரை ஊற்றும். இவள் சாம்பாருக்கு உப்பு போதவில்லை என்று சொல்வதற்காக அன்னம்மாக்காவின் முன்கையைப் பிடித்தாள். பிடித்த கை அங்கேயே நின்றுவிட்டது. மறுபடி மேலும் கீழும் தடவினாள்.

"அக்கா, கையெல்லாம் தொப்பலா கீது. இங்க மட்டும் காஞ்சிக் கீதே."

முழங்கைக்குக் கீழே, ஒரு பூவரச இலை அகலத்துக்கு, தோல் கொஞ்சம் வெளுத்திருந்தது. அந்த இடத்தில் மட்டும் ஒரு சொட்டு வேர்வை இல்லை, ஒரு முடி இல்லை. அக்கா புடவைத் தலைப்பை அதன் மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். "தேமலு கண்ணு. ரொம்ப நாளா கீது."

"சுண்டு விரல்ல இன்னாக்கா கொப்புளம்?"

அக்கா விரலைத் தூக்கிப் பார்த்தாள். கொப்புளம் உடைந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. "அட, இது எப்போ ஆச்சு?" என்றாள்.

அதற்கப்புறம் இவள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. எனக்கோ பயமாகிவிட்டது, இவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. வாராந்திர விடுமுறை வந்ததும் டிரெஸ்ஸிங் ரூமிலிருந்து கொஞ்சம் பஞ்சை எடுத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு பல்லாவரத்துக்குக் கிளம்பினாள்.

அவள் அப்பா வாசலில் பனியனோடு உட்கார்ந்திருந்தார். கையிரண்டும் பழுப்பேறி, உள்ளங்கையில் வெடிப்பு வெடிப்பாக இருந்தது.

"நைனா, கண்ண மூடு."

"இன்னாத்துக்கு?"

"மூடேன். எங்க தொட்றேனோ அங்க விரலு வெச்சிக் காட்டு."

பஞ்சைத் திரித்து நுனியால் மட்டும் தொட்டாள். அவர் சரியாகக் காட்டினார். அந்த வெடித்த உள்ளங்கையில் தொட்டாள், அதையும் காட்டினார். சுண்டு விரல் நுனியில் தொட்டதும், "கூசுதுடி, கம்முனு இரு" என்று கையை இழுத்துக்கொண்டு சிரித்தார். அப்பாவுக்கு ஒன்றுமில்லை என்று சந்தோஷப்பட வேண்டியவள் முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்துவிட்டாள்.

"இவ்ளோ தடிச்ச தோலுக்கே பஞ்சு தெரியுதுடி" என்றாள் என்னிடம். "அப்ப அக்கா கையி தடிச்சதுனால இல்ல."

மறுநாள் மளிகை வைக்கிற அறையில் அன்னம்மாக்காவை அரிசி மூட்டை மேல் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னாள். நான் கதவருகே காவல். வெளுத்த இடம் முழுக்கப் பஞ்சால் தடவினாள். சுண்டு விரலிலும் மோதிர விரலிலும் தடவினாள். முழங்கைக்குப் பின்னால் விரலை விட்டு நரம்பைத் தேடினாள், அது கயிறு மாதிரி தடித்திருந்தது. அக்கா பொறுமையாகக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

"எப்போ கண்ணு ஆரம்பிக்கப் போற?" என்று கேட்டாள்.

இவள் பஞ்சைக் கீழே போட்டுவிட்டு அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தொழுநோய் என்பதைச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. ஆனால் நர்சிங் பள்ளியில் இத்தனை வருஷம் சமைத்துப் போட்ட அக்காவுக்கு எங்கள் முகத்தைப் பார்த்தே விளங்கிவிட்டது.

"வெளிய சொல்லிடாத கண்ணு. இந்த அடுப்படிதான் எனக்கு வூடு. தொரத்திட்டாங்கனா நான் எங்க போவேன்?"

"சொல்லமாட்டேன்க்கா. ஆனா நீ மருந்து துன்னணும். இனிமே சூட்டுல கை வெக்கக்கூடாது. உனக்குத் தெரியாமலே வெந்து, புண்ணாயி, விரலே போயிடும்."

"நான் துணி புடிச்சா புள்ளைங்க கேக்குமே, இன்னா ஆச்சு உன் கைக்குனு?"

"நீ தூக்கவே வேணாம். நான் தூக்குறேன்."

சொன்னதைச் செய்தாள். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அக்காவை அழைத்துப்போய்க் காட்டி மாத்திரை வாங்கிக்கொடுத்தாள். டாக்டரும் அதேதான் என்றார், ஆரம்பநிலை, இந்த வகை பிறருக்குத் தொற்றாது, ஆனால் வருஷக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும் என்றார். அதிலிருந்து தினமும் விடிகாலையில் குளித்து யூனிஃபார்மோடு அடுப்படிக்குப் போய்விடுவாள். கஞ்சிக் குண்டானை இறக்குவாள், பால் பாத்திரத்தை இறக்குவாள், அக்காவின் பத்து விரலையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஓடிவருவாள். அதற்குள் சாப்பாட்டு அறையில் காலை ஜெபம் பாதி முடிந்திருக்கும். யூனிஃபார்மில் கரி வேறு.

நர்சிங் மாணவி ஜெபத்துக்குப் பிந்துவது அங்கே சின்ன விஷயம் இல்லை. மேட்ரன் கூப்பிட்டுக் கண்டித்தார். பிறகு எல்லோர் முன்னாலும் நிறுத்திவைத்துக் கண்டித்தார். எங்கே போய் வருகிறாய் என்று கேட்டால் இவள் வாயைத் திறக்கவே இல்லை. இன்னொரு தடவை நடந்தால் பெயரை வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னால் செய்கிறவர்.

நான் அவளோடு மல்லுக்கு நின்றேன். "மேட்ரன்கிட்ட உண்மையச் சொல்லித் தொலையேன். உன்னை அனுப்பிட்டா உங்கப்பா என்னடி செய்வார்? மக நர்சுன்னு பம்மல் முழுக்கச் சொல்லி வச்சிருக்காரே."

"சொன்னா அக்காவ அனுப்பிடுவாங்க."

"அனுப்பமாட்டாங்க."

"அனுப்பமாட்டாங்கனு உனக்கு நிச்சயமா தெரியுமா?"

எனக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் அந்த வியாதியின் பெயரைக் கேட்டாலே பெற்ற பிள்ளைகள் தாயை வெளியே அனுப்பினார்கள். அவள் சொன்னது நியாயம்தான் என்று தெரிந்ததால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

மறுநாள் காலையில் ஜெபத்தில் அவள் இடம் காலியாக இருந்ததைப் பார்த்ததும் மேட்ரன் பைபிளை மூடினார். நேரே அடுப்படிக்கு நடந்தார். நாங்கள் கஞ்சிக்கு எடுத்துவைத்திருந்த தட்டோடு பின்னால் போய் வாசலை அடைத்துக்கொண்டு நின்றோம். இவள் அப்போதுதான் குண்டானைக் கரித்துணியால் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏ பிள்ள, ஜெப நேரத்தில உனக்கு இங்க என்ன சோலி?"

இவள் குண்டானைக் கீழே வைத்துவிட்டுத் தலை குனிந்து நின்றாள்.

"உன்கிட்டதான் கேக்கேன். வாயில்லையா? சரி, போய்ப் பெட்டியைக் கட்டு. இன்னைக்கே உங்க அப்பாவுக்கு ஆள் அனுப்புதேன்."

இவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. யூனிஃபார்ம் பெல்ட்டைக் கழற்றக் கையைக் கொண்டுபோனாள்.

அன்னம்மாக்கா குறுக்கே வந்து நின்றாள். புடவைத் தலைப்பை எடுத்துவிட்டு, முழங்கை வரை தெரிகிற மாதிரி வலது கையை மேட்ரன் முன்னால் நீட்டினாள்.

"எனக்குக் கைல சூடு தெரியலம்மா. அந்த வியாதிதானாம். நான் வெளிய சொல்லாதனு கால்ல வுழாத குறையா கெஞ்சினேன். அதுக்காவத்தான் இந்தப் பொண்ணு பேச்சு வாங்கிக்கினு தினம் வந்து தூக்குது. நான் போயிட்றேன். இந்தப் பொண்ண அனுப்பாதீங்க."

எனக்குப் பக்கத்தில் நின்ற ஒருத்தி தன் தட்டைப் பின்னால் மறைத்தாள். இன்னும் இரண்டு பேர் வாசலை விட்டு நகர்ந்தார்கள்.

மேட்ரன் அந்தக் கையைப் பிடித்தார். வெளுத்த இடத்தைத் தடவினார். முழங்கையை மடக்கி நரம்பைத் தொட்டுப் பார்த்தார். விரல் ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்தார். பழைய கொப்புளம் ஆறியிருந்தது, புதிதாக ஒன்றும் இல்லை.

"எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று இவளைக் கேட்டார்.

"அந்த எடத்துல மட்டும் வேர்க்கல சிஸ்டர்."

மேட்ரன் எங்கள் பக்கம் திரும்பினார். "இந்த வியாதியப் பத்திப் பாடம் எடுத்தேம்லா? இந்த வகை தொட்டா ஒட்டாது, சாப்பிட்டா ஒட்டாதுன்னு எல்லாரும் பரீட்சையில எழுதினீங்கல்லா? பரீட்சைக்கு மட்டுந்தானா அது?"

இவள் ஒரு தட்டை எடுத்து அக்கா முன்னால் நீட்டினாள். "ஊத்துக்கா."

"வேணாம் கண்ணு." அக்கா இரண்டு கையையும் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள்.

தட்டு நீட்டியபடியே இருந்தது. நான் அவள் பின்னால் போய் நின்று என் தட்டையும் நீட்டினேன். பெரிய தியாகம் என்று நினைக்க வேண்டாம், அவளைத் தனியாக விட்டுவிட்டு எனக்குச் சாப்பாடு இறங்காது, அவ்வளவுதான்.

மேட்ரன் குனிந்து, குண்டான் பக்கத்தில் கிடந்த கரித்துணியை எடுத்தார். நாலாக மடித்து அன்னம்மாக்காவின் கையில் வைத்து, விரல்களை அதன் மேல் மூடிவிட்டார்.

"நாளையிலிருந்து உனக்கு அடுப்பு வேண்டாம். துணி மடிக்கிற அறையைப் பாத்துக்கோ. அறையும் சம்பளமும் அதேதான். மாத்திரைய விட்டுராத." பிறகு ஒரு தட்டை எடுத்துக்கொண்டு எனக்குப் பின்னால் வந்து வரிசையில் நின்றார். "இன்னைக்கு மட்டும் நீ ஊத்து அன்னம்மா. துணியால நல்லாப் பிடிச்சுக்கோ, சுடும்."